காதுக்கு நேரா ஒரு வார்த்தை

"பாட்டு கேக்க வந்தவளுக்கு எதுக்குடி பைனாகுலர்?" என்று கேட்டாள் சில்வண்டு.

"அவர் பாடறதை என் கண்ணால பாக்கணும்" என்றாள் உம்மு. திருடனைப் பிடிக்க வந்த போலீஸ் மாதிரி முகத்தை வைத்திருந்தாள்.

இருவரும் பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகள். எந்நேரமும் எதையாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே இருந்ததால் இவளுக்குச் சில்வண்டு என்று பெயர் வந்தது. இப்போது சொந்தமாக ஜெராக்ஸ் கடை. அங்கேயும் மெஷினைவிட இவள் சத்தம்தான் அதிகம். உம்மணாமூஞ்சியைச் சுருக்கினால் உம்மு.

எந்தக் கச்சேரிக்குக் கூப்பிட்டாலும் "ஆஸ்பத்திரியில டியூட்டி" என்று கழன்றுகொள்கிறவள் உம்மு. இந்தத் தடவை ஜெராக்ஸ் கடை வாசலில் போஸ்டரைப் பார்த்தவள், "சனிக்கிழமை இவர் பாடறாரா? எனக்கும் ஒரு டிக்கெட் எடு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

ஏன் பல்லைக் கடித்தாள் என்று சில்வண்டு யோசிக்கவில்லை. அவளுக்கு அவள் கவலை. பாடகரின் பாட்டு ஒவ்வொன்றையும் ஃபோனில் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகிவிட்டது. இனி மைக் வேண்டாம், ஸ்பீக்கர் வேண்டாம், அவர் வாயிலிருந்து இவள் காதுக்கு நேராக ஒரே ஒரு வார்த்தை வேண்டும். அதற்காகவே வீட்டுக்காரரின் முறைப்பைச் சட்டை செய்யாமல், கச்சேரி முடிந்து அவரைச் சந்திக்கிற டிக்கெட்டாகப் பார்த்து வாங்கியிருந்தாள்.

விளக்கு அணைந்தது. கூரையிலிருந்து வெள்ளிப் பிறை ஒன்று மெல்ல இறங்க, அதில் ஒய்யாரமாகச் சாய்ந்திருந்தார் பாடகர். தோளில் இரண்டு இறக்கை, காலடியில் புகை. அரங்கமே அதிர்ந்தது. சில்வண்டு நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினாள்.

"இறங்குடி கீழ. இப்படிக் கத்தினா நாளைக்குக் குரலே வராது" என்று அவளை இழுத்து உட்காரவைத்து, கைப்பையிலிருந்து ஒரு தொண்டை மிட்டாயை எடுத்து வாயில் திணித்தாள் உம்மு.

மேடையில் கப்பல் வந்தது, மழை பெய்தது, பாடகர் ராஜாவானார், கொள்ளைக்காரரானார். ஜனம் வாயைப் பிளந்து பார்த்தது. உம்முவின் பைனாகுலர் மட்டும் அவர் கழுத்தை விட்டு நகரவில்லை.

"மனசாட்சி வேணும்டி. ஒரு தடவைகூடக் கை தட்ட மாட்டியா?"

"பொறு, இன்னும் பாத்து முடிக்கல."

அடுத்தது வௌவால் பாட்டு. காலில் கயிறு கட்டி அவரைத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். அப்படியே பம்பரமாகச் சுற்றிக்கொண்டு உச்ச ஸ்தாயிக்குப் போய் நின்றார். இம்மி பிசகவில்லை, மூச்சு வாங்கவில்லை. சில்வண்டுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"பாத்தியா? தலைகீழா தொங்கியும் சுருதி கொஞ்சமாவது ஆடுதா?"

"பாத்தேன்" என்ற உம்மு, பைனாகுலரை உறையில் போட்டு மூடினாள். முகத்தில் ஒரு சிரிப்பு. உம்மு சிரித்தே பல காலம் ஆகியிருந்தது. சில்வண்டின் மடியிலிருந்த பாப்கார்னை எடுத்து, சாவகாசமாகக் கொறிக்க ஆரம்பித்தாள். கடைசிப் பாட்டுக்கு எழுந்து நின்று கைகூடத் தட்டினாள்.

சில்வண்டுக்குப் பெருமை பிடிபடவில்லை. "கல்லே கரைஞ்சுடுச்சு. இப்பவாவது ஒத்துக்கோ, எப்படி எங்க ஆளு?"

"இவ்வளவு சமத்தா இருப்பார்னு நான் நினைக்கவே இல்ல."

பாட்டைப் பற்றிக் கேட்டால் சமத்து என்கிறாளே, இவளுக்குப் பாராட்டக்கூடத் தெரியவில்லை என்று நினைத்தபடி சில்வண்டு அவளை இழுத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் ஓடினாள்.

அங்கே பாடகர் இறக்கையைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தார். வரிசையில் வந்தவர்களுக்கெல்லாம் கைகூப்பினார், சிரித்தார், சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார். வாயை மட்டும் திறக்கவில்லை. மேடையிலும் பாட்டுக்கு நடுவே அவர் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் சில்வண்டுக்கு உறைத்தது.

அவள் முறை வந்தது. "சார், எவ்வளவோ வருஷமா காத்துக்கிட்டிருக்கேன். பெரிசா எதுவும் வேண்டாம். 'சரிம்மா'ன்னு என் காதுல விழற மாதிரி சொல்லிடுங்க, அது போதும் எனக்கு."

அவர் அவளைப் பரிவோடு பார்த்தார். இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு உதட்டின்மேல் விரலை வைத்து, முடியாது என்று தலையாட்டிவிட்டு அடுத்த ஆள் பக்கம் திரும்பினார். சில்வண்டுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அடுத்த ஆள் உம்மு. இடுப்பில் கையை ஊன்றி நின்றிருந்தாள்.

பாடகரின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. பதறிப் பின்வாங்கியதில் ஓர் இறக்கை சுவரில் இடித்துக் கழன்று விழுந்தது. அதை எடுக்கக்கூடக் குனியாமல், அவர் சட்டென்று சில்வண்டின் முதுகுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டார்.

அவள் காதுக்கு வெகு பக்கத்தில், மைக் இல்லாமல், ஸ்பீக்கர் இல்லாமல், தவளை கத்துவதுபோல ஒரு குரல் வந்தது.

"சத்தியமா நான் பாடல டாக்டர், வாயை மட்டும்தான் அசைச்சேன்."