தங்கையின் ரத்தத்தில்

செல்வினின் சிறுநீரகங்கள் பழுதானபின், தங்கை ஜெபராணியின் சிறுநீரகங்களில் இருக்கும் லட்சக்கணக்கான நுண்வடிகட்டிகளே அவன் ரத்தத்தையும் சுத்தம் செய்தன. தினமும் காலையில் இருவர் கைகளையும் ஒரு குழாய் இரண்டு மணி நேரம் இணைத்திருக்கும். பிறகு அவள் பேருந்து ஓட்டப் போவாள்.

அன்று பணிமனைச் சோதனையில் அவள் ரத்தத்தில் மது இருந்தது. வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

"நான் ஒரு சொட்டு குடிச்சதில்லண்ணே. யாரும் நம்பல," என்று வீட்டுக்கு வந்து அழுதாள்.

செல்வின் அவளைப் பணிமனைக்குக் கூட்டிப்போனான். "நேத்து ராத்திரி குடிச்சது நான் சார். குழாய் வழியா அவ ரத்தத்துல கலந்துட்டு. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

மேலாளர் அவளைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார். பிறகு அவனிடம், "காலையில குழாய் மாட்டும்போது அது அவளுக்கும் போகும்னு உமக்குத் தெரியும்லா?" என்றார்.

செல்வின் தங்கையைப் பார்க்காமலே சொன்னான். "தெரியும் சார். அவளுக்கு வாடை தெரியக் கூடாதுன்னு ரெண்டு தடவ பல்லு தேச்சேன்."