செய்யாத குற்றம்

“நாலு பேரு கண்ணால பாத்திருக்காங்கம்மா. இனிமே மறைச்சுப் பிரயோஜனம் இல்ல. நேத்து கூட்டத்துல நடந்ததை ஒத்துக்கிறீங்களா?”

கேட்டுவிட்டு நிர்வாக அதிகாரி மேசை விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் அந்தக் குடைத் தொழிற்சாலையின் பரிசோதகர் அம்மா. தைத்து வரும் குடையை விரித்து, மடக்கி, கம்பி நெளிந்திருந்தால் ஒதுக்கிவைப்பது அவர் வேலை. தொழிற்சாலை தொடங்கிய காலத்து ஆள். மகள் நர்சிங் கடைசி வருடம் படிக்கிறாள். காலையில் வந்து கைப்பையை வைப்பதற்குள் விசாரணை என்று அழைத்துவிட்டார்கள்.

“ஒத்துக்கிறேன் சார்” என்றார்.

அதிகாரிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். மறுப்பார், மடக்கலாம் என்று இரவெல்லாம் கேள்விகள் தயாரித்து வைத்திருந்தார். அந்த அம்மாவும் தூங்கியவராகத் தெரியவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அதிகாரியின் பலமே வேலை ஒப்பந்தம்தான். முன்பு ஒருவரை நீக்குவதற்குத் ‘தகுந்த காரணம்’ என்று அதில் மூன்றே மூன்று இருந்தன: திருடுவது, குடித்துவிட்டு வருவது, மேலதிகாரி மீது கைவைப்பது. காரணம் இல்லாமல் நீக்கினால் இழப்பீடு தர வேண்டும். ஊழியர்களோ திருடவும் மாட்டேன் என்கிறார்கள், குடிக்கவும் மாட்டேன் என்கிறார்கள். நிர்வாகம் பாவம், என்னதான் செய்யும்?

அதனால் அவர் நான்காவதாக ஒன்றை எழுதிச் சேர்த்தார். ‘நிறுவனத்தின் உற்சாகமான சூழலுக்கு ஊறு விளைவிக்கும் எந்தச் செயலும், செயலின்மையும்.’

‘செயலின்மை’ என்ற சொல்லை, தான் பெற்ற பிள்ளையைப் போலக் கொஞ்சுவார். அதை வைத்து, சிவனே என்று கிடப்பவனையும் வீட்டுக்கு அனுப்பலாம். ஆண்டு விழாவில் கைதட்டாத தையல்காரர் ஒருவர் அப்படித்தான் போனார். அதற்குப் பிறகு, மேடையில் ஆள் ஏறுவதற்கு முன்பே கைதட்டல் தொடங்கிவிடுகிறது.

பரிசோதகர் அம்மா செய்தது, அதாவது செய்யாதது, இதுதான். நேற்று வேலை முடிகிற நேரத்தில் எல்லோரையும் கூட்டி வைத்து முதலாளி ஒரு ஜோக் சொன்னார். தொழிற்சாலையே சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை.

முதலாளிக்கு மெல்லிய குரல். அவர் சொல்வதில் பாதி முன்வரிசையைத் தாண்டாது. அதனால் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை. அவர் வாய் அசைவது நின்றதும் பின்னாலிருந்து அதிகாரி முதல் சிரிப்பைத் தொடங்கிவைப்பார், மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

சாட்சிகள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். விலா நோகச் சிரித்ததாகக் கட்டிங் மாஸ்டர் சொன்னார். என்ன ஜோக் என்று பதிவுக்காகக் கேட்டபோது கூரையைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார்.

“நல்ல ஜோக்கு சார்.”

மேற்பார்வையாளர் இன்னும் விவரமானவர். அந்த அம்மா முன்வரிசையில், முதலாளியின் முகத்துக்கு நேராகவே உம்மென்று நின்றதாகச் சொன்னார். முதலாளிக்கே சிரிப்பு தாங்காமல் கண்ணில் தண்ணீர் வந்து, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே அறைக்குள் போனாராம். மற்ற இருவரும் ‘மேற்பார்வையாளர் சொன்னதேதான்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

அப்படி அறைக்குள் போன முதலாளி அதற்குப் பிறகு யாரையும் பார்க்கவில்லை. இன்று காலையிலும் அறைக்கதவு சாத்தியே இருந்தது. இந்த அம்மாவின் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல்தான் என்று அதிகாரி முடிவுகட்டினார். வாய்விட்டுச் சொன்னால்தான் செய்ய வேண்டுமா? குறிப்பறிந்து செய்யத்தானே அதிகாரி.

நடுவில் அந்த அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று அதிகாரி கையைக் காட்டினார். சிரித்தீர்களா? இல்லை. தொண்டைக்கட்டு ஏதாவது? இல்லை. வீட்டில் துக்கம்? இல்லை.

கடைசியில் அதிகாரிக்கே கொஞ்சம் இரக்கம் சுரந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பல்வலின்னு எழுதிக் குடுத்துடுங்க. எச்சரிக்கையோட விட்டுடறேன்.”

பரிசோதகர் அம்மா கைப்பையின் வாரைக் கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டிருந்தார். மகளின் முகம் கண்முன் வந்திருக்க வேண்டும். ஆனால் நெளிந்த கம்பியை நேர் என்று சொல்லிப் பழகாதவர். தன் பல் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

அதிகாரி பெருமூச்சு விட்டுப் பணிநீக்க உத்தரவை எடுத்தார். தகுந்த காரணத்தோடு நீக்கப்படுகிறவருக்கு இழப்பீடு கிடையாது, முன்னறிவிப்பு கிடையாது, அடுத்த இடத்துக்கு நற்சான்றும் கிடையாது என்று வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரே ஒரு சம்பிரதாயம் பாக்கி இருந்தது. தன் பக்கத்தை விளக்க ஊழியருக்கு ஒரு வாய்ப்புத் தர வேண்டும். அதையும் அவர்தான் எழுதியிருந்தார், பார்க்க நன்றாக இருக்கும் என்று.

“கடைசியா ஒண்ணு கேக்கணும். ஊரே சிரிச்சப்ப நீங்க மட்டும் ஏம்மா சிரிக்கல?”

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“இந்த மாசத்தோட கம்பெனியை மூடறேன்னு சொன்னாரு சார்.”