முந்நூறு வோல்ட்

தோட்டத்துச் சொந்தக்காரர் ஈஸ்வரபாண்டி இன்றைக்கும் வேலியோரம் வந்து நின்றார். இடுப்பில் கை. கண் நேராக மோட்டார் ரூமின் மேல்.

"வந்துட்டாக," என்றாள் பெனிட்டா, ஜன்னல் வழியாகப் பார்த்து. "சட்டுனு முடிங்க. இன்னைக்கும் அலறுச்சுன்னா சாவியக் கேட்டுருவாக."

அவள் புருஷன் ரெக்ஸ் ஆம்ப்ளிஃபயர் பெட்டியைத் திறந்தான். கிட்டாரால் அவன் ஏற்கெனவே இரண்டு இடம் காலி செய்திருந்தான். சின்னமனூரில் வீட்டுக்காரர் துரத்தினார். மாமனார் வீட்டு மாடியிலிருந்து மாமனாரே துரத்தினார். ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் சும்மா கிடந்த இந்த மோட்டார் ரூமும் போனால், கிட்டாரைப் பரணில் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இடம் கேட்டு வந்த அன்று ஈஸ்வரபாண்டி வாடகையைப் பற்றிப் பேசவே இல்லை. "தெனம் சாயங்காலம் வாசிப்பீகளா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை கெடையாதுண்ணே. கோயிலுக்குப் போயிருவேன்," என்று ரெக்ஸ் அவசரமாகச் சொன்னான்.

"ஞாயித்துக்கிழமை கெடையாதாக்கும்," என்றார். முகம் சுண்டிவிட்டது. வாரத்துக்கு ஒரு நாள்தானா நிம்மதி என்று நினைத்திருப்பார், பாவம்.

ஆம்ப்ளிஃபயர் அவனே கட்டியது. பழைய ரேடியோ வால்வுகள், மோட்டார் ஸ்டார்ட்டரின் காலிப் பெட்டி. வால்வு முழு மூச்சில் ஓடினால்தான் அவனுக்குப் பிடித்த கரகரப்பு வரும். வால்யூமைக் குறைத்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். அதனால் வால்வுக்குப் போகும் வோல்டேஜையே மாஸ்ஃபெட் என்ற சின்னப் பாகத்தால் குறைக்கிற சர்க்யூட் ஒன்றைச் சேர்த்திருந்தான். குமிழைத் திருகினால் முந்நூறு வோல்ட் நூறுக்கு இறங்க வேண்டும். கரகரப்பு இருக்கும், சத்தம் ரூமைத் தாண்டாது.

இறங்கவில்லை. எந்தப் பக்கம் திருகினாலும் மீட்டரில் முந்நூறு.

"மாஸ்ஃபெட் போயிருக்கும்," என்றான்.

"நேத்துத்தான புதுசு மாத்துனீக?"

"அதுவும் போயிருக்கும்."

"உங்க வாய் மட்டும் போக மாட்டேங்குது. மொதல்ல இடது கையப் பின்னால கட்டுங்க."

கரண்ட் ஓடுகிற பெட்டிக்குள் இரண்டு கையும் போகக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் மாதிரி ஒரு கையை முதுகில் கட்டிக்கொண்டு, மறு கையால் மீட்டர் முனையை வைத்தான்.

மாஸ்ஃபெட்டுக்கு உத்தரவு கொண்டுவரும் காலிலும் அதே முந்நூறு. குமிழைத் திருகினான். அசையவில்லை.

"இது மேல தப்பில்ல பெனி. கொறைன்னு உத்தரவே இதுக்குப் போகல."

"உத்தரவு போனா மட்டும் கேக்குறாகளாக்கும் நம்ம வீட்டுல."

சுவிட்சை அணைத்து, கண்டென்சரில் தேங்கிய கரண்டை வடிய விட்டு, ஒயரைத் தொடர்ந்து போனான். குமிழின் கடைசிக் கால் எர்த்துக்கு, அதாவது பெட்டியின் உடம்புக்குப் போக வேண்டும். போயிருந்தது. ஸ்க்ரூவும் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால், இணைப்பு இருந்தால் கீச்சென்று கத்த வேண்டிய மீட்டர் கத்தவில்லை.

ரெக்ஸ் தலையில் அடித்துக்கொண்டான். ஸ்டார்ட்டர் பெட்டியின் சாம்பல் பெயிண்ட் மேலேயே ஸ்க்ரூ உட்கார்ந்திருந்தது. பெயிண்டைத் தாண்டி எர்த் எப்படிக் கிடைக்கும்?

மூலையில் கிடந்த, கொடி வெட்டும் கவாத்துக் கத்தரியை எடுத்துச் சுரண்டினான். தகரம் பளிச்சென்று தெரிந்ததும் மறுபடி முடுக்கினான். சுவிட்சைப் போட்டான்.

குமிழைத் திருக, மீட்டர் இறங்கியது. இருநூற்றைம்பது. இருநூறு. நூறு.

கிட்டாரை மாட்டிக்கொண்டு கம்பியை இழுத்தான். அதே கரகரப்பு, ஆனால் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல. பெனிட்டா வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

"வாசலத் தாண்டுனா ஒன்னுமே கேக்கல!"

"அண்ணன் என்ன சொன்னாக?"

"காதுக்குப் பக்கத்துல கைய வச்சுப் பாத்தாக. பெறகு வானத்தப் பாத்தாக. ஒன்னும் சொல்லாமப் போயிட்டாக."

"சாமிக்கு நன்றி சொல்லியிருப்பாக," என்றான் ரெக்ஸ். இருட்டும் வரை நிம்மதியாக வாசித்தான். இனி யாரும் அவனைத் துரத்தப் போவதில்லை.

மறுநாள் காலை இருவரும் வந்தபோது, ஈஸ்வரபாண்டி ரூம் வாசலிலேயே நின்றார். கண் சிவந்திருந்தது.

"நேத்து என்ன தம்பி பண்ணீக?"

"சத்தத்தக் கொறைச்சுட்டேண்ணே. இனிமே உங்களுக்குத் தொந்தரவே இருக்காது." அவர் முகம் இளகாததைப் பார்த்து ரெக்ஸ் குரலைத் தாழ்த்தினான். "காலி மட்டும் பண்ணச் சொல்லிராதீக. வேணும்னா இன்னும் கொறைக்கிறேன்."

"இன்னுமா?"

ஈஸ்வரபாண்டி அவன் கையைப் பிடித்தார். "இங்கன வாங்க," என்று பந்தலுக்குள் இழுத்துக்கொண்டு போனார். பெனிட்டா பின்னாலேயே ஓடினாள்.

அந்த வாரம் வெட்ட வேண்டிய பழம். கொத்துக்குக் கொத்து காம்புதான் மிச்சம் இருந்தது. கீழே மண் தெரியாமல் கடித்துப் போட்ட திராட்சை.

ரெக்ஸ் குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தான்.

"முந்தியெல்லாம் நீங்க கம்பியத் தொட்டதும் ஒரு கிளி நிக்காது," என்றார் ஈஸ்வரபாண்டி. "நேத்து ஒக்காந்து கேட்டுக்கிட்டே தின்னுருக்கு தம்பி."