கண்டவன் சாட்சி

நேரில் பார்த்தவனே மாற்றிச் சொன்னால், நடந்தது நடக்காததாகிவிடுமா? காரைக்குடி மாதா கோயில் வாசலில் ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுகிறது. அப்போஸ்தலர்களுக்குப் பின் வந்தவர்களைப் பற்றித் தூத்துக்குடியிலிருந்து வந்த உபதேசியார் சூசை எழுதிய புத்தகம் சாமியார் கையில் இருக்கிறது. அட்டையில் இன்னாசி வாத்தியாரின் பெயர். "இது நான் எழுதுனது சாமி" என்கிறார் சூசை. இயேசுவைக் கண்டவர்களிடமே கேட்டு எழுதியவர்கள் அவர்கள், அதனால்தான் அவர்கள் எழுத்துக்கு மதிப்பு என்று சூசை சொல்லச் சொல்ல அதை அச்சுக்கோத்தவன் அச்சாபீஸ் சின்னக்கருப்பு. இந்த ஊரில் சூசைக்கு இருக்கும் ஒரே சிநேகிதன். "நீ சொல்லப்பா" என்று சாமியார் அவன் பக்கம் திரும்புகிறார். அச்சாபீசுக்குப் பள்ளிக்கூட அச்சு வேலை கொடுக்கும் இன்னாசி வாத்தியார், பக்கத்தில் நின்றபடி லேசாக இருமுகிறார். சின்னக்கருப்பு விரல் மையை வேட்டியில் துடைக்கிறான். "வாத்தியார்தான் எழுதுனாக சாமி. இவுக பக்கத்துல உக்காந்து டீ குடிச்சாக, அம்புட்டுத்தான்." சூசை சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கோயில் கதவைப் பூட்டப் போகிறார். மறுநாள் காலை சின்னக்கருப்பு வழக்கம்போல இரண்டு டீ வாங்கி வந்தான். ஒன்றைச் சூசை குடித்தார்.