கனமில்லாத பெட்டி

மூடியைத் திறந்ததும் அப்பா சிரித்தார்.

அவள் உடனே மூடினாள்.

சற்றுத் தள்ளிக் கூடாரத்தின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த கணவனைப் பார்த்தாள். அவன் முடிச்சில் தீவிரமாக இருந்தான். முடிச்சு எப்போதோ விழுந்துவிட்டிருந்தது.

மறுபடி திறந்தாள்.

அப்பாதான். கோட்டு, கண்ணாடி, நறுக்கிய நரைமீசை. தலைக்கு மேல் சிவப்பு எழுத்தில் ‘வருக வருக’. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற அன்று, பாராட்டு விழா மண்டபத்தின் வாசலில் ஆளுயரத்துக்கு நின்ற அவருடைய ஃபோம் போர்டு படம். அன்றிலிருந்து வீட்டில் பீரோவுக்குப் பின்னால் இருந்தது.

இப்போது மலைமேல் பெட்டியாக இருந்தது.

ஒரு மாதம் மொட்டை மாடியில் உட்கார்ந்து அவன் செய்த பெட்டி. அடுப்பு, கெட்டில், டார்ச், சர்க்கரை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அறை. பழைய பைக், கொண்டை ஊசி வளைவுகள், பின்னால் மனைவி. பெட்டி கனக்கக் கூடாது. சாமான்களை அடுக்குமுன் அதைச் சுண்டுவிரலில் மாட்டித் தூக்கிக் காட்டினான். வெளியே முழுக்க வெள்ளை. அவளுக்கே பெருமையாக இருந்தது.

“வெளிய வெள்ளையா இருக்கட்டும்னு பிரிண்ட்டை உள்பக்கமா திருப்பிட்டேன்,” என்றான் இப்போது, கயிற்றை விடாமல்.

அவள் டார்ச்சை எடுத்தாள். பின்னால் அப்பாவின் முழங்கை. கெட்டிலை எடுத்தாள். இரண்டு பக்கமும் ஷூ. அடுப்புக்கு அடியில் கும்பிட்ட கைகள்.

“மத்ததெல்லாம் வெட்டிட்டேன். முகத்துல கத்தி வைக்க மனசு வரல.”

அதனால் முகத்தின் அளவுக்கு மூடி. மூடியின் அளவுக்குப் பெட்டி.

கல்யாணமாகி ஏழு மாதம். குடியிருப்பது அவள் வீட்டில். ஹாலில் அப்பாவின் கட்டில். அவர்கள் அறையின் தாழ்ப்பாள் விழாது. யார் எப்போது உள்ளே போனார்கள், எப்போது வெளியே வந்தார்கள் என்று அப்பா இன்னும் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். வேலைப் பழக்கம்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டால் ஹாலிலிருந்து குரல் வரும்.

“என்ன சத்தம்?”

“ஒண்ணுமில்லப்பா.”

அத்தோடு முடிந்தது.

அதற்காகத்தான் மலை. அதற்காகத்தான் கூடாரம். தோழிக்குக் கல்யாணம் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தாள்.

அப்பா சிரித்துக்கொண்டே இருந்தார். நம்பிய முகமாகத் தெரியவில்லை.

மூடி செங்குத்தாக நின்று அடுப்புக்குக் காற்றை மறைக்கும். அதுதான் இந்தப் பெட்டியின் விசேஷம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தான். அப்பாவின் முகவாய்க்கு ஒரு முழம் முன்னால் அடுப்பு எரிந்தது. சுடர் ஆடவே இல்லை.

அவன் சர்க்கரைக்குக் கையை நீட்டினான். அது பெல்ட்டுக்குப் பக்கத்து அறையில் இருந்தது.

“நீயே எடு.”

டீ குடித்தார்கள். அவள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். அவன் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டான். நடுவில் இன்னொருவர் தாராளமாக உட்காரலாம்.

எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடினாள். அவன் பெட்டியைக் கொண்டுபோய்ப் பாறைக்குப் பின்னால் வைத்தான். திரும்பி வந்தான். மறுபடி போனான். பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருக்குமாறு திருப்பி வைத்தான்.

பெட்டி எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளைதான்.

கூடாரத்துக்குள் போனார்கள். தாழ்ப்பாள் இல்லை. ஜிப் இருந்தது. அவள் இழுத்தாள். கடைசிவரை போய் நின்றது. ஒருமுறை திறந்து, மறுபடி இழுத்துப் பார்த்தாள்.

அவன் அவள் கையைப் பிடித்தான்.

கூரைத் துணியில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு நாலைந்து.

இருவரும் மேலே பார்த்தார்கள்.

“ஃபோம்தான். ஒண்ணும் ஆகாது,” என்றான்.

மழை வலுத்தது.

“அப்பா நனையறாருங்க.”

ஜிப்பைத் திறந்துகொண்டு ஓடினான். பெட்டியை இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான்.

கால்மாட்டில் வைக்கப் போனான்.

அவள் பார்த்தாள்.

தலைமாட்டில் வைத்தான். அவள் துண்டால் மூடியைத் துடைத்தாள். முதலில் வெளியே. பிறகு லேசாகத் திறந்து உள்ளே.

ஜிப்பை இழுத்துவிட்டுப் படுத்தார்கள்.

வெளியே காற்று. கூடாரத்தின் கம்பி கிறீச்சிட்டது.

இருவரும் அசையவில்லை.

காத்திருந்தார்கள்.

மழை மட்டும்தான் கேட்டது.

அவள் தலையைத் தூக்கிப் பெட்டியைப் பார்த்தாள்.

“ஒண்ணுமில்லப்பா.”

அவன் சிரித்துவிட்டான். பழக்கத்தில் அவள் கை அவன் வாயைப் பொத்தியது.

பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.