கனகலட்சுமியின் பழைய மூக்கு

"டாக்டர், எனக்கு என் பழைய மூக்கே வேணும். எப்பக் கெடைக்கும்?"

மாவரைத்துத் தரும்படி கேட்கிற மாதிரி கேட்டவளை டாக்டர் சிவசங்கர் நிமிர்ந்து பார்த்தார். கனகலட்சுமி, வயது இருபத்து நான்கு. வள்ளியூரிலிருந்து வந்து ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் டிரெய்னியாக இருப்பவள். எட்டு மாதத்துக்கு முன்னால்தான் வேறொரு டாக்டரிடம் ஆசை ஆசையாக மூக்கைத் திருத்திக்கொண்டாளாம்.

"மூச்சு விடக் கஷ்டமா இருக்கா?"

"இல்ல சார்."

"வளைஞ்ச மாதிரி தோணுதா?"

"இல்ல சார், அழகாத்தான் இருக்கு. ஆனா மிஷினுக்குப் பிடிக்கல."

"எந்த மிஷின்?"

"கேட்ல முகத்தைக் காட்டினா அட்டென்டன்ஸ் போடுமே, அது. நான் போய் நின்னா பச்சை லைட் எரியுது, 'தேங்க் யூ'ன்னும் சொல்லுது. மாசக் கடைசியில பாத்தா பாதி நாள் ஆப்சென்ட்! ஹெச்.ஆர்.ல கேட்டா, மிஷின் பொய் சொல்லாதுங்காங்க. பழைய மூக்கு இருந்த வரைக்கும் இந்தப் பிரச்சினையே இல்ல. வர்ற மாசம் பர்மனென்ட் லிஸ்ட் போடுதாங்க சார். இப்படியே போனா எனக்கு வேலை போயிரும்." கனகலட்சுமிக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு சொன்னார்.

"ரெண்டாவது ஆபரேஷன் முதல் தடவை மாதிரி சுலபம் இல்லம்மா. உள்ளே தழும்பு இறுகியிருக்கும். குருத்தெலும்பு பத்தலன்னா காதுலருந்து எடுக்கணும், சில பேருக்கு விலாவிலருந்தும் எடுப்போம். முதல் ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வருஷமாவது ஆகணும். அப்புறம் வீக்கம் முழுசா வடிய இன்னும் ஒரு வருஷம். அப்பவும் பழைய மூக்கு அப்படியே வரும்னு எழுதிக் குடுக்க மாட்டேன்."

"அய்யய்யோ, விலாவா! கேட்டுக்கினியா கனகா?" என்று பதறினாள் பக்கத்தில் இருந்த பூஜா. அதே லைனில் வேலை செய்யும் வாலாஜாபாத்துக்காரி. ஆறு மாதமாக ஒரு நாள்கூட ஆப்சென்ட் ஆகாமல், போன வாரம் கம்பெனியில் பிரஷர் குக்கர் பரிசு வாங்கியவள். ஜலதோஷம் என்று கண்வரை மாஸ்க்கை ஏற்றிவிட்டிருந்தாள். "மூக்கு சோக்கா கீது. இன்னாத்துக்கு அத்தப் போயி நோண்டிக்கினு? வா, வூட்டுக்குப் போலாம்."

"நல்ல ஃபிரண்டு உங்களுக்கு" என்றார் டாக்டர்.

"பூஜா தங்கமான பிள்ளை சார்" என்று கண்ணைத் துடைத்தாள் கனகலட்சுமி. "போன மாசம் அவ அண்ணன் கல்யாணத்துக்கு ஒரு வாரம் ஊருக்குப் போயிட்டா. அங்க இருந்தும் தினம் காலையில போன் பண்ணி, 'மிஷின்ல மூஞ்சியக் காட்டிட்டியா?'ன்னு கேப்பா. என் மேல அவ்வளவு அக்கறை."

பூஜாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

டாக்டர் பேனாவை எடுத்தார். "சரி, முதல் ஆபரேஷன் விவரம் சொல்லுங்க. எந்த மாதிரி மூக்கு வேணும்னு அந்த டாக்டர்கிட்டப் போட்டோ ஏதாவது காட்டினீங்களா?"

கனகலட்சுமி வெட்கத்தோடு போனைத் திறந்து நீட்டினாள்.

டாக்டர் போட்டோவைப் பார்த்தார். கனகலட்சுமியைப் பார்த்தார். மாஸ்க்குக்கு மேலே தெரிந்த பூஜாவின் கண்களைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"உங்களுக்கு ஆபரேஷனே வேண்டாம்மா. பூஜா, நீங்க அந்த மாஸ்க்கைக் கொஞ்சம் கழட்டுங்க."

கழட்டினாள். அந்த அறையில் இப்போது ஒரே மூக்கு இரண்டு முகத்தில் இருந்தது; போன மாதம் அந்த ஒரு வாரமும் மிஷின் யாருக்கு 'தேங்க் யூ' சொன்னது என்பது கனகலட்சுமிக்கு அப்போதுதான் உறைத்தது.