நான்கு கோடுகள்

ஹேண்டில்பாரைத் தனக்கேற்ற அளவுக்கு இறக்கக் குனிந்த டாக்டர் மைதிலி, அதன் தண்டில் இருந்த கோடுகளைப் பார்த்தாள்.

நான்கு கோடுகள். கறுப்பு மார்க்கர். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தேதி.

"நான்தானுங்க போட்டேன்" என்றாள் சைக்கிளை விற்பவள்.

சைக்கிள் வாங்க வந்தவளிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லைதான். ஆனால் மூன்று மாதமாகத் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் கணவர் எப்படிப் போனார் என்றுதான் கேட்டார்கள். அவரை அவள் எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்று ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை.

அவிநாசி ரோட்டில் அவரை லாரி உரசிய பிறகு, இனி வெளியே ஓட்டவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள். ஸ்டாண்டு வாங்கி வந்து, பின்சக்கரத்தை அதில் பூட்டி, பால்கனியிலேயே ஓட்டுங்கள் என்று உட்கார வைத்தவளும் அவள்தான்.

வீட்டுக்குள் என்ன ஆகிவிடப்போகிறது?

"நின்ன எடத்துலயே மிதிக்கறப்ப ஒடம்பு பாரம் பூரா கையில எறங்குமாமுங்க. வீடியோல சொன்னாங்க. அவருக்கும் கை மரத்துப்போச்சு. ஹேண்டில்பாரை ஒரு விரக்கடை ஏத்தி, கோடு போட்டு வெச்சேன்."

மைதிலி திருகாணியைத் தளர்த்திக்கொண்டே கேட்டாள்.

"ரெண்டு கையுமுங்களா?"

"இல்லீங்க, எடது கை மட்டும். தோள்பட்டை வரைக்கும்."

திருகிக்கொண்டிருந்த கை நின்றது.

அவள் கவனிக்கவில்லை. சொல்ல ஆள் கிடைத்த சந்தோஷம்.

"அப்புறம் தாடை வலின்னாரு. எட்டிக் குனியறதாலதான்னு சீட்டை முன்னாடி தள்ளிக் குடுத்தேன். எறங்கின பொறகும் வேர்வை நிக்கல. ஃபேனை இந்தப் பக்கம் மாத்தி வெச்சேன்."

மைதிலி தண்டில் இருந்த தேதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"கடைசியா பதினாலாந்தேதி ஏத்தினேன். இருபது நிமிசம் ஓட்டினாரு. 'இப்பத்தான், கண்ணு, சொகமா இருக்குது'ன்னாரு."

மறுநாள் காலையில் மாரடைப்பு. திடீரென்று வந்தது, யாரால் என்ன செய்திருக்க முடியும் என்றார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள். கடைசி நாட்களில் அவருடைய வலியைத் தன் கையாலேயே தீர்த்து அனுப்பிய நிம்மதி ஒன்றுதான் அவளிடம் மிச்சம் இருந்தது.

மைதிலி இன்னும் நிமிரவில்லை.

அப்போதுதான் அவள் திருகாணியிலேயே நின்றுபோயிருந்த மைதிலியின் கையைப் பார்த்தாள்.

"ஏனுங்க டாக்டர், ஹேண்டில்பார் தாழ்வா இருந்துச்சுன்னா கை..."

"ஆமாங்க. மரத்துத்தான் போகும்."

அவள் இன்னும் கேட்டே முடிக்கவில்லை.

மைதிலி ஹேண்டில்பாரை இறக்காமலே திருகாணியை இறுக்கினாள். அவளுக்கு அது எட்டாத உயரம்.

"இப்படியே இருக்கட்டுங்க" என்றாள், முகம் பார்க்காமல். சைக்கிளை லிஃப்டுக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

பால்கனியில் ஸ்டாண்டு மட்டும் நின்றது. ஃபேன் இன்னும் அந்தப் பக்கமே திரும்பியிருந்தது.

அவள் கோடுகளை மனதுக்குள் கீழிருந்து எண்ணினாள்.

மூன்று. ஆறு. பத்து. பதினாலு.

மூன்றாம் தேதி என்ன கிழமை?

திங்கள்.

எல்லா ஆஸ்பத்திரியும் திறந்திருந்த நாள்.